திரியின் நீளம்

1

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவின் இடது பக்கம் முழுக்கக் காலியாகிவிட வேண்டும் என்று உத்தரவு. வலது பக்கத்தில் நாங்கள் இட்லி அவித்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். பழைய சரக்கு ரயில் நிலையம் இருந்த இடத்தில் பாலர் பள்ளி கட்டுவதற்குப் பள்ளம் தோண்டினார்கள். பொக்லைன் வாளியில் ஏதோ இரும்பு தட்டியது. பார்த்தால், இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து போட்ட குண்டு, வெடிக்காமல் கிடக்கிறது. நகராட்சிக்காரர்கள் வரைபடத்தை எடுத்து, குண்டை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டார்கள். வட்டத்தின் கோடு எங்கள் தெரு நடுவாகப் போகிறது. இடது பக்க வீடுகள் உள்ளே, வலது பக்க வீடுகள் வெளியே. எதிர்வீட்டு அம்மா, கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறவர், பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். சட்டப்படி அவர் இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறார். அவர் வீட்டு வாசலோ எங்கள் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆபத்து தெருவைத் தாண்டி வராது என்று மேலிடத்தில் முடிவுசெய்தாயிற்று. எங்களுக்கு, ஜன்னலோரம் நிற்காதீர்கள் என்பதோடு சரி.

"இவுகளுக்கு சட்னி காரமா இருக்கும்ங்க, தயிர எடுத்து வைங்க" என்றாள் என் மனைவி செல்வி. கீரமங்கலத்துக்காரி. உலகமே எரிந்தாலும் வந்தவருக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். போர் முடிந்து எண்பது வருடம் தாண்டிவிட்டதே, இன்னுமா என்று கேட்பீர்கள். இன்னும்தான். ஜெர்மனியில் எங்கே தோண்டினாலும் இது நடக்கும். சாக்கடைக் குழாய் பதித்தால் குண்டு, பாலம் கட்டினால் குண்டு. நான் இங்கே வந்த புதிதில் முதல் தடவை அறிவிப்பு வந்தபோது, பாஸ்போர்ட்டையும் செல்வியின் தாலிச் சங்கிலியையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இப்போது அலுத்துவிட்டது. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் பேருந்துப் பணிமனையில் நாங்கள் குண்டைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். வந்தது சமையல்காரனாக. கொடும்பாளூருக்குப் பக்கத்துக் கரட்டுக்காட்டில் பிறந்தவனை ஒரு உணவகத்துக்காரர் தந்தூரி அடுப்புக்கென்று விசா எடுத்து வரவழைத்தார். அதற்கு முன் நான் தந்தூரி அடுப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. அது கிடக்கட்டும். பத்து வருடம் அந்த அடுப்பில் வெந்தபின், ஓட்டுநர் பற்றாக்குறை என்று நகரப் போக்குவரத்தில் ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். குண்டு கிடைத்த நாட்களில் எங்களுக்கு வேலை கூடுதல். நடக்க முடியாதவர்கள், முதியோர் இல்லத்துக்காரர்கள் எல்லோரையும் வட்டத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றிப்போக வேண்டும், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். எத்தனையோ தடவை செய்தாயிற்று.

இந்தத் தடவை அப்படி இல்லை. பள்ளத்துக்குள் இறங்குகிற இரண்டு பேரில் ஒருத்தி என் மகள்.

2

மலர்விழி என்று பெயர் வைத்தோம். இங்கே எல்லோருக்கும் மலர். இருபத்தாறு வயது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அவள் தமிழில் மரியாதைக்குப் போடுகிற 'ங்க' கிடையாது. "அப்பா, நீ சாப்பிட்டியா? அம்மா, நீ எங்க போற?" என்பாள். ஜெர்மன் மொழியில் வீட்டு ஆட்களை 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும், அதையே தூக்கித் தமிழில் போட்டுவிட்டாள். ஒருமுறை போனில் இதைக் கேட்ட என் அண்ணன், "என்னடா, ஒன்னய வாடா போடாங்கிறது ஒண்ணுதான் பாக்கி போல" என்றார். திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

அவளைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஜெர்மன் கற்றது உணவகத்துச் சமையலறையில். அங்கே எல்லோரும் 'நீ'தான். அந்தப் பாடத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விசா நீட்டிக்கப் போய், கண்ணாடி போட்ட பெரிய அதிகாரியிடம், "நீ இன்னைக்கே முடிச்சுத் தர்றியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத ஊரிலிருந்து வந்தவன், இங்கே வந்து மரியாதை கெட்டவன் ஆனேன்.

மலர் கல்லூரியில் நில அளவை படித்தாள். படிப்பு முடிந்ததும் அரசு வேலை கிடைத்துவிட்டது என்றாள். என்ன வேலை என்று கேட்டால், "பழைய போட்டோ பாக்குற வேலை அப்பா" என்றாள். பொய் இல்லை. போர்க்காலத்தில் குண்டு போட்டவர்கள், போட்டது எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்ள மறுநாள் இன்னொரு விமானத்தை அனுப்பி மேலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. எங்காவது கட்டடம் கட்டப் போகிறார்கள் என்றால், அந்த இடத்தின் படத்தை வைத்துக்கொண்டு இவள் பூதக்கண்ணாடியில் தேட வேண்டும்.

"பெரிய குழிய பாத்து பயப்படக் கூடாது அப்பா. பெரிய குழின்னா அது வெடிச்சிருச்சு. பக்கத்துல சின்னதா ஒரு புள்ளி இருக்கும் பாரு, அதுதான் மோசம். உள்ள போயிருக்கு, வெடிக்கல."

ஊரில் எல்லோரிடமும், கவர்மென்ட் வேலை, ஏசி ரூம், காலாட்டிக்கொண்டு போட்டோ பார்க்கிறாள் என்று சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டு வருடம் முன்பு ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவள், ரசத்தை ஊற்றிக்கொண்டே, படப் பிரிவிலிருந்து களப் பிரிவுக்கு மாறிவிட்டேன் என்றாள். குண்டு எடுக்கிறவர்களோடு. பயிற்சி ஆரம்பித்துவிட்டதாம்.

நான் கத்தினேன். கூரை பறக்கிற மாதிரி கத்தினேன்.

"ஏசி ரூம்ல ஒக்காந்து போட்டோ பாக்குறத விட்டுட்டு எதுக்குடி பள்ளத்துக்குள்ள எறங்குறே? ஒனக்கு என்ன கேடு?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "படத்துல புள்ளி வெக்கிறது நான். எறங்குறது வேற ஆளு. அது எனக்குச் சரியா இல்ல அப்பா."

"சரியா இல்லாட்டி போட்டோ பாக்குறதயும் விட்டுரு. நான் ஒத்துக்க மாட்டேன்."

"உன்னைக் கேக்கலயே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து வந்து, என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இங்கே பிள்ளைகள் அப்படித்தான். நம் பேச்சைத் தட்டுவார்கள், கூடவே முத்தமும் கொடுப்பார்கள். ஊரில் என்றால் இரண்டு மாதம் பேசாமல் இருந்து ஒருவருக்கொருவர் கணக்குத் தீர்த்திருப்போம். அதற்கும் இங்கே வழி இல்லை.

அன்றிலிருந்து அவள் வேலையைப் பற்றிச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவள் கிளம்பும்போதெல்லாம், "அந்த போட்டோ வேலை இன்னும் காலியா இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

3

ஒரே ஒரு தடவை விளக்கினாள். செல்வி கேட்டதால் விளக்கினாள். மேசையில் இருந்த பேனாவைக் கழற்றி, இதுதான் குண்டின் பின்பக்க வெடிமுனை என்று வைத்துக்கொள் அம்மா என்று ஆரம்பித்தாள்.

உள்ளே சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் அசிட்டோன், அதாவது நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர். குண்டு விழும்போது பின்னால் இருக்கிற சின்னக் காற்றாடி சுற்றி, ஒரு திருகை உள்ளே தள்ளிக் குப்பியை உடைக்கும். குப்பிக்குக் கீழே செல்லுலாய்டு வில்லைகள். அவைதான் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அசிட்டோன் சொட்டுச் சொட்டாக இறங்கி வில்லையைக் கரைக்கும். கரைந்ததும் ஊசி பாயும், குண்டு வெடிக்கும். வில்லை கனமாக இருந்தால் நேரம் கூடும். சில மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம், சில நாள் கழித்தும் வெடிக்கலாம். யாராவது திருகிக் கழற்றப் பார்த்தால் அப்போதே வெடிப்பதற்கும் தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. குண்டு மண்ணுக்குள் போய்த் தலைகீழாகத் திரும்பி நின்றுவிட்டால், தண்ணீர் வில்லைக்கு எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அப்படி நின்றவைதான் இன்றைக்கும் கிடக்கின்றன. எண்பது வருடமாக வில்லை காய்ந்து நொறுங்கிக்கொண்டே இருக்கிறது. என்றைக்கு விடும் என்று யாருக்கும் தெரியாது.

"விழுந்த ஒடனே வெடிச்சுத் தொலைய வேண்டியதுதானே, எதுக்கு இம்புட்டு வேல?" என்று செல்வி கேட்டாள்.

மலர் பேனாவை மூடினாள். "மொதல்ல விழுற குண்டு வீட்ட இடிக்கும் அம்மா. நெருப்பணைக்க ஆளு வரும், மண்ணுக்குள்ள மாட்டினவங்கள தூக்க ஆளு வரும். அவங்க வந்ததுக்கு அப்புறம் இது வெடிக்கணும்."

செல்வி, "அட நாசமாப் போறவனே" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

எனக்கு ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் மண் கொஞ்சம்தான், கீழே முழுக்கப் பாறை. கிணறு வெட்டுவதென்றால் வெடி வைத்துத்தான் வெட்ட வேண்டும். என் சித்தப்பா அந்த வேலைதான் செய்தார். பாறையில் துளை போட்டு, தோட்டாவை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரி வைப்பார். திரியை முழம் போட்டு வெட்டுவார்கள். பற்றவைத்தவன் கயிற்றைப் பிடித்து ஏறி, கரைக்கு வந்து, ஓடி ஒளிகிற வரைக்கும் நெருப்பு போய்ச் சேரக் கூடாது. அதுதான் திரியின் நீளத்துக்குக் கணக்கு. ஒன்றின் திரியைவிட இன்னொன்றின் திரி கொஞ்சம் நீளமாக இருக்கும். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெடிக்கும், எண்ண முடியும்.

மனிதன் மேலே வந்த பிறகு வெடிக்கட்டும் என்று சித்தப்பா திரியை நீளமாக வெட்டினார். மனிதன் உள்ளே வந்த பிறகு வெடிக்கட்டும் என்று இங்கே எவனோ மெத்தப் படித்தவன் உட்கார்ந்து வில்லையின் கனத்தைக் கணக்குப் போட்டிருக்கிறான். இரண்டும் தாமதம்தான். அந்தப் போரில் எத்தனையோ கண்டுபிடித்தார்கள். எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கச் செய்த ரேடாரிலிருந்துதான் நாம் இட்லி சூடாக்குகிற மைக்ரோவேவ் வந்தது என்று மலர் சொல்வாள். இருக்கட்டும், நல்லதும் வந்திருக்கும். இப்போது செய்தியில் தினமும் ஆளில்லா விமானத்தைக் காட்டுகிறார்கள். அதற்கும் எவனோ ராத்திரி பகல் பார்க்காமல் மூளையைக் கசக்கியிருப்பான். அந்த இரும்பைப் பொறுக்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்தால் எனக்கு உடம்பு ஓய்ந்துபோகிறது.

வெடி வைக்கிற நாளில் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பற்றவைக்கும் முன்பு, கிணற்றிலிருந்து ஏறிய ஒவ்வொருவரும், "மேல இருக்கேன்!" என்று சத்தமாகக் குரல் கொடுக்க வேண்டும். கடைசியாகப் பற்றவைத்துவிட்டு ஏறுகிறவர் குரல் கொடுத்த பிறகுதான் வீடுகளில் மூச்சு விடுவார்கள். வயலில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து நின்று வெடியை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால், மறுநாள் விடிகிற வரைக்கும் யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

மலர் சின்னவளாக இருந்தபோது இதை விளையாட்டாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தரைதான் கிணறு. தலையணைகள் தோட்டா. நான் பற்றவைப்பேன். அவள் சோபா மேல் தாவி ஏறி, "மேல இருக்கேன்!" என்று கூவுவாள். நான் வாயால் வெடிப்பேன், அவள் எண்ணுவாள். ஆனால் சித்தப்பா கதையின் முடிவை அவளிடம் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய முடிவு இல்லை அது.

சித்தப்பா ஐந்து வேட்டு வைத்தார். மேலே வந்து குரல் கொடுத்தார். ஐந்து சத்தம் கேட்டது. கரட்டை, அந்தப் பாறைக் குன்றை, ஒட்டி வெட்டிய முதல் கிணறு அது. அந்தக் கரடு சத்தத்தைத் திருப்பி அனுப்பும் என்று யாருக்கும் தெரியாது. வெடித்தது நான்கு; முதல் மூன்றின் எதிரொலி அடுத்தடுத்த வெடியில் அமுங்கிப்போக, ஐந்தாவதாகக் கேட்டது கடைசி வெடியின் எதிரொலி. அவர் ஐந்து எண்ணினார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த நானும் ஐந்துதான் எண்ணினேன். ஊரே ஐந்து எண்ணியது. கணக்குச் சரியாகிவிட்டது என்று அவர் கல்லைப் பார்க்க இறங்கினார்.

4

வெள்ளிக்கிழமை மலர் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம உனக்கு வேலையா?"

"ஆமா. ஆளுகள ஏத்தி எறக்குற வேல."

"எனக்கும் வேலை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதே இடம்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு நான் செல்வியிடம் சொன்னேன். அவள் போய் உளுந்தை ஊறப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மலர் சாப்பிட வருவாள், இட்லி இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. எனக்கும் அதைவிட நல்ல முடிவு எதுவும் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் முதியோர் இல்லத்திலிருந்து முதல் சுற்று ஏற்றினேன். சக்கர நாற்காலிகள், மருந்துப் பைகள், ஒரு கிளிக்கூண்டு. ஆட்கள் அலுப்போடு ஏறினார்கள். பயந்தவர் யாரும் இல்லை. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சரக்கு நிலையத்து மூலையைக் கடக்கும்போது, தடுப்புக்கு அந்தப் பக்கம் மணல் மூட்டைகளும், தண்ணீர் நிரப்பிய பெரிய பெரிய தொட்டிகளும் சுவராக அடுக்கியிருப்பது தெரிந்தது. ஆரஞ்சு உடுப்பில் சிலர். எல்லோரும் ஒரே அளவில் தெரிந்தார்கள். இதில் எவள் என் மகள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

மத்தியானம் வட்டம் முழுக்கக் காலியாகிவிட்டது என்றார்கள். பேருந்தைப் பள்ளிக்கூட வளாகத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு: வெடிமுனையைக் கழற்ற முடியாது, ரசாயன வகை, அங்கேயே வைத்து வெடிக்க வைக்கப் போகிறார்கள். மண்டபத்தில் எல்லோரும் ஆவென்று பெருமூச்சு விட்டார்கள். பயத்தில் இல்லை, வீட்டுக்குப் போகத் தாமதமாகும் என்று.

அப்போதுதான் அண்ணன் அழைத்தார். செல்வி சொல்லியிருக்கிறாள்.

"என்னடா இது? அந்தப் புள்ளைய அங்கிட்டு அனுப்பிப்புட்டு நீ இங்கிட்டு பஸ்ஸு ஓட்டிக்கிட்டிருக்கியா?"

"நான் எங்கண்ணே அனுப்புனேன்? அவளே போனா."

"கையப் புடிச்சு இழுத்துட்டு வரவேண்டியதுதானே? நம்ம வீட்டுல ஒருத்தரக் குடுத்தது பத்தாதா?"

"இருபத்தாறு வயசு புள்ளைய எப்படிண்ணே இழுக்குறது?"

அவருக்குப் பின்னால் யாரோ மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துவது கேட்டது. பிறகு குரல் இறங்கி, "எத்தன வெடிடா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாண்ணே."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான் கேக்கணும். நல்லா எண்ணிக்க" என்றார். அழுகிறாரோ என்று சந்தேகமாக இருந்தது. போனை வைத்துவிட்டார்.

5

மலர் அழைத்தபோது வளாகத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையைப் பேருந்துப் படியில் வைத்துவிட்டு எடுத்தேன்.

"அப்பா, மேல இருக்கேன்."

அவள் அந்த வார்த்தைகளைச் சொல்லி இருபது வருடமாவது இருக்கும்.

"அப்பா? கேக்குதா? எல்லாரும் வெளிய வந்தாச்சு, தூரமா இருக்கோம். இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிக்க வெப்போம். உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு. நம்ம வெளையாட்டு."

"கேக்குது." என்றேன். "வெடிச்சப்புறம் யாரு போய்ப் பாக்குறது?"

"நானும் சீஃபும். முழுசா வெடிச்சிருச்சா, மிச்சம் ஏதும் கெடக்கான்னு பாக்கணும்ல."

"மலரு, சின்னத் தாத்தா கதையில மிச்சம் ஒண்ணு இருக்கு."

"இப்பவா?"

"இப்பத்தான். அவரும் மேல இருக்கேன்னு சொன்னாரு. ஊரே கேட்டுச்சு. வெடிச்சு முடிஞ்சிருச்சுன்னு மறுபடி எறங்குனாரு. ஒண்ணு வெடிக்காம இருந்துச்சு. கரட்டுல பட்டுத் திரும்புன சத்தத்தையும் சேத்து எண்ணிப்புட்டாரு."

போனில் காற்று இரைந்தது. யாரோ அவளை ஜெர்மனில் கூப்பிட்டார்கள், பொறுக்கச் சொன்னாள்.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"நீ சின்னப் புள்ளயா இருந்தே."

"நான் சின்னப் புள்ள இல்ல அப்பா."

"தெரியுது. அதான் சொல்றேன்." பிறகு என் வாயில் நான் நினைக்காதது வந்தது. "இந்த வேல வேணாங்கல. போய்ப் பாரு. ஆனா பாத்துட்டு ஏறி வந்தப்புறம் இன்னொரு தடவ சொல்லு. மொதத் தடவ சொல்றது கணக்குல வராது. ரெண்டாவது தடவ சொல்லணும்."

"ஓகே" என்றாள். பிறகு, "உடனே எறங்க மாட்டோம் அப்பா. காத்திருந்துதான் போவோம். அதுக்கெல்லாம் முறை இருக்கு. நீ காபி குடி" என்றாள். காபி கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வெடித்தது. தரை வழியாகக் காலுக்குள் முதலில் வந்தது, அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. மண்டபத்தின் கண்ணாடிகள் நடுங்கின. சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து, தானியக் கிடங்கின் பெரிய சுவர்ப் பக்கமிருந்து, இன்னொரு சத்தம் வந்தது. முதல் சத்தத்தைவிடச் சின்னது, ஆனால் சத்தம்தான்.

சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி, "இரண்டு குண்டா இருந்தது?" என்று கேட்டார்.

"இல்லை, ஒன்றுதான். மற்றது சுவர்" என்றேன். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சுவர்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அன்றைக்கும் ஊருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒலிபெருக்கியில், பள்ளத்தைச் சோதிக்க வேண்டும், பொறுத்திருக்கவும் என்றார்கள். நகராட்சிக்காரர்கள் பொறுத்திருக்கச் சொன்னால் அதற்கு முடிவே கிடையாது. கால்பந்து ஆட்டம் ஆரம்பித்துவிடும், பேருந்தை எப்போது எடுப்பாய் என்று ஒரு ஆள் மூன்று தடவை வந்து கேட்டான். மூன்றாவது தடவை, "எம் மக உள்ள இருக்காய்யா, கொஞ்சம் சும்மா இருய்யா!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் போய்விட்டான். பிறகு என்ன நினைத்தானோ, ஒரு காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

செல்வி அழைத்தாள். "சத்தம் கேட்டுச்சுங்க. பூனை பீரோ மேல ஏறிருச்சு. புள்ள பேசுனாளா?"

"மொதல்ல பேசுனா. இன்னும் ஒண்ணு இருக்கு. லைன வை, அவ கூப்பிடுவா."

தடுப்பில் நின்ற போலீஸ்காரரிடம் போய், பள்ளத்துக்குள் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தெரியாது, பொறுத்திருங்கள் என்றார். நல்ல மனிதர், இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். நான் திரும்பி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டில் எத்தனையோ வரிசையில் நின்றிருக்கிறேன், எத்தனையோ முத்திரைக்குக் காத்திருக்கிறேன். இவ்வளவு சோர்வு எதிலும் வந்ததில்லை. கண்ணை மூடினால் கரடு தெரிந்தது, அதனால் திறந்தே வைத்திருந்தேன்.

போன் அடித்தது. எடுத்தேன். மூச்சு வாங்குவது கேட்டது, ஏறி வந்த மூச்சு.

"அப்பா, மேல இருக்கேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரெண்டாவது" என்றாள்.

திரும்பிப் போகலாம் என்ற உத்தரவு இன்னும் வரவில்லை. நான் பேருந்தின் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். "வாங்க, ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று வெளியே நின்றவர்களைக் கூப்பிட்டேன். தமிழில் கூப்பிடுகிறேன் என்பது பாதி வண்டி நிறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.